அண்ணாமலை நகரில் கண்டறிந்த 73

கடலூர்த் துறைமுகத்திலிருந்து கிழக்கு நோக்கி ஒரு கப்பல் புறப்படுகிறது. இடையில் எந்த நிலப்பரப்பும் குறுக்கிடவில்லை என்றும், கப்பல் திசையை மாற்றிக்கொள்ளவே இல்லை என்றும் கற்பனை செய்துகொள்வோம். ஏறத்தாழ 39,000 கிலோமீட்டர் சென்ற பிறகு அது மேற்கிலிருந்து கடலூருக்கே வந்து சேரும். வழியில் எங்கும் விளிம்பு எதிர்ப்படாது. இதற்கு மேல் கடல் இல்லை என்று சொல்லும் சுவர் எதுவும் இராது. ஆனாலும், அந்தக் கடல்வழி முடிவற்றதன்று. பூமியின் மேற்பரப்பு முழுவதையும் அளந்துவிடலாம். அது சுமார் 51 கோடி சதுர கிலோமீட்டர்.

முடிவில்லாமை வேறு, விளிம்பில்லாமை வேறு. கேட்கும்போது எளிதாகத் தோன்றும் இந்த வேறுபாட்டைக் கணித உலகம் தெளிவாகப் பிரித்துப் பார்க்க 1854 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு ஜெர்மனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் பெர்ன்ஹார்ட் ரீமன் என்ற 27 வயது இளைஞர் நிகழ்த்திய உரையில்தான், நாம் வாழும் வெளிக்கு விளிம்பு இல்லை என்பதிலிருந்து அது முடிவற்றது என்ற முடிவுக்குத் தாவக் கூடாது என்பது நிலைநாட்டப்பட்டது. 1917-இல் ஐன்ஸ்டைன் அந்த எண்ணத்தை விண்ணுக்கே கொண்டுசென்றார். பிரபஞ்சம் முடிவுள்ளதாகவும் விளிம்பற்றதாகவும் இருக்கலாம் என்றார். அவர் முன்வைத்த வடிவம், நான்கு பரிமாணங்களில் அமைந்த ஒரு கோளத்தின் மேற்பரப்பு. பூப்பந்தின் மேற்பரப்பு இரு பரிமாணங்கள் கொண்டது. அதைப் பந்தாகப் பார்க்க மூன்றாவது பரிமாணம் தேவைப்படுகிறது. அதுபோல, மூன்று பரிமாணங்கள் கொண்ட நம் வெளி தன்மேல் தானே வளைந்து மூடிக்கொண்டிருக்குமானால், அதை ஒரு வடிவமாக எழுதிக்காட்டுவதற்கு நான்காவது பரிமாணத்தின் துணை வேண்டும்.

பிரபஞ்சம் உண்மையில் அப்படித்தான் இருக்கிறதா என்பதற்கு இன்றுவரை உறுதியான விடை இல்லை. ஆனால், உயர் பரிமாணங்களில் அமைந்த, முடிவுள்ள, விளிம்பற்ற பரப்புகளை வானியலாளர்கள் மட்டும்தான் நாடிப் போனார்கள் என்று எண்ணிவிட வேண்டியதில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டே போகும் எளிய எண்களுக்குள்ளும் அவை ஒளிந்திருக்கின்றன. அவற்றில் ஒன்றின் ரகசியத்தைச் சிதம்பரத்தை ஒட்டிய அண்ணாமலை நகரில் உட்கார்ந்து ஒருவர் கண்டறிந்தார். அவர் பெயர் சுப்பையா சிவசங்கரநாராயண பிள்ளை. உலகக் கணித ஏடுகளில் எஸ்.எஸ். பிள்ளை.

சிதம்பரம் என்றவுடன் ஆகாயத் தலம் நம் நினைவுக்கு வரும். திரை விலகினால் உருவம் எதுவுமின்றித் தங்க வில்வ மாலைகள் மட்டும் தொங்கும் அந்த வெற்று வெளியையும், அதே ஊரில் நடந்த கணித ஆராய்ச்சியையும் முடிச்சுப் போட்டுவிடும் ஆசை யாருக்கும் எழக்கூடியதே. அந்த ஆசையை இங்கேயே நிறுத்திக்கொள்வது இரண்டுக்கும் நல்லது. பிள்ளை செய்தது கணிதம். அதன் பெருமைக்கு வேறு சான்று தேவையில்லை.

பிள்ளை 1901 ஏப்ரல் 5 அன்று, குற்றாலத்தை அடுத்த வல்லம் கிராமத்தில் பிறந்தார். தந்தை சுப்பையா பிள்ளை, தாய் கோமதி அம்மாள். குழந்தைக்கு ஒரு வயது ஆவதற்குள் தாய் காலமானார். உறவுக்கார மூதாட்டி ஒருவரின் துணையோடு தந்தையே வளர்த்தார். அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்தைச் சேர்ந்திருந்த செங்கோட்டையில் பள்ளிப் படிப்பு. பள்ளியின் இறுதிக் கட்டத்தில் தந்தையும் மறைந்தார். அந்த வயதில், அந்தக் காலத்தில், ஒரு கிராமத்துப் பிள்ளையின் படிப்பு அத்துடன் முடிந்துபோயிருக்க வேண்டியது. சாஸ்திரியார் என்று அழைக்கப்பட்ட பள்ளி ஆசிரியர் ஒருவர் தம் சம்பளத்திலிருந்து ஒரு பகுதியை எடுத்துக்கொடுத்து அவரைப் படிக்க வைத்தார். உலகக் கணித வரலாற்றில் இடம்பெற்ற ஒரு தேற்றத்துக்குப் பின்னால் ஒரு பள்ளி ஆசிரியரின் சம்பளமும் இருக்கிறது என்பதை இங்கே குறித்து வைப்பது நம் கடமை. கல்லூரிக்கு உதவித்தொகை கிடைத்தது. நாகர்கோவில் ஸ்காட் கிறித்தவக் கல்லூரியிலும், பிறகு திருவனந்தபுரம் மகாராஜா கல்லூரியிலும் படித்துப் பட்டம் பெற்றார்.

1927-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அங்கே கே. ஆனந்தராவிடம் பயின்றது அவர் வாழ்வின் திசையைத் தீர்மானித்தது. ஆனந்தராவ் கேம்பிரிட்ஜில் ஹார்டியின் வழிகாட்டலில் பயின்றவர். ராமானுஜன் அங்கே இருந்த அதே ஆண்டுகளில் அங்கே இருந்தவர். ராமானுஜனுக்குப் பிந்தைய தமிழகத்தின் கணிதத் தலைமுறை ஒன்றையே அவர் உருவாக்கினார் என்று சொல்லலாம். பின்னாளில் சென்னைப் பல்கலைக்கழகம் கணிதத்துக்காக வழங்கிய முதல் டி.எஸ்சி. பட்டம் பிள்ளைக்கே கிடைத்தது.

1929-இல் இரண்டு தொடக்கங்கள் ஒன்றாக நிகழ்ந்தன. ராஜா சர் அண்ணாமலை செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் தொடங்கிய மீனாட்சி கல்லூரியை மையமாகக் கொண்டு அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பிறந்தது. அதே ஆண்டு பிள்ளை அங்கே விரிவுரையாளராகச் சேர்ந்தார். கடலூரைத் தலைநகராகக் கொண்ட அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தில், வயல்களுக்கு நடுவே எழுந்துகொண்டிருந்த புத்தம் புதிய வளாகம் அது. கணிதத் துறையில் வடிவியல் ஆய்வாளரான ஏ. நரசிங்க ராவ் இருந்தார். அவர் ஆசிரியராக இருந்து 1933-இல் தொடங்கிய கணித மாணவர் இதழ் இந்தியா முழுவதும் வாசிக்கப்பட்டது. அந்த வளாகத்தில் பிள்ளை 12 ஆண்டுகள் பணியாற்றினார். அவருடைய மிகச் சிறந்த படைப்புகள் அனைத்தும் ஏறக்குறைய அந்த 12 ஆண்டுகளில் உருவானவையே.

அவர் கையில் எடுத்த வினா பழையது. 1770-இல் எட்வர்ட் வேரிங் என்ற கேம்பிரிட்ஜ் பேராசிரியர், நிறுவல் எதுவும் தராமல் ஒன்றை எழுதிவைத்தார். எந்த முழு எண்ணையும் நான்கு வர்க்க எண்களின் கூட்டலாக எழுதலாம். ஒன்பது கன எண்களின் கூட்டலாக எழுதலாம். நான்காம் அடுக்கு எண்களானால் 19 போதும். இப்படியே மேலும் தொடரும் என்பது அது. எண்களுக்கு முடிவில்லை. ஆனால், எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும், அதைக் கட்டியெழுப்பத் தேவைப்படும் கற்களின் எண்ணிக்கை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டாது. சிறிய எண்ணுக்கும், எழுதி முடிக்கவே ஆயுள் போதாத பேரெண்ணுக்கும் அதே வரம்பு.

இதை ஒரு படமாகக் காண முடியும். பள்ளியில் வரைபடத் தாளில் புள்ளி குறித்தவர்களுக்கு ஆயத்தொலைவுகள் நினைவிருக்கும். கட்டக்கோடுகள் வெட்டிக்கொள்ளும் இடங்களே முழு எண் புள்ளிகள். ஆதிப்புள்ளியை மையமாக வைத்து, ஆரத்தின் வர்க்கம் 5 ஆகும்படி ஒரு வட்டம் வரைந்தால் அது (1, 2) என்ற புள்ளி வழியாகச் செல்லும். ஏனெனில் 1-உம் 4-உம் சேர்ந்தால் 5. ஆரத்தின் வர்க்கம் 3 ஆக இருக்கும் வட்டமோ எந்த முழு எண் புள்ளியையும் தொடாமல் நழுவிவிடும். தாளை விட்டு மேலெழுந்து, மூன்று பரிமாணங்களில் கோளம் வரைந்தால் 3 அகப்பட்டுவிடும். (1, 1, 1) அதன்மீது இருக்கிறது. ஆனால், இப்போது 7 நழுவிவிடுகிறது. மூன்று வர்க்கங்களைக் கூட்டி 7-ஐ எவராலும் பெற முடியாது. நான்காவது பரிமாணத்துக்குச் சென்றால் 7-உம் அகப்படுகிறது: 4, 1, 1, 1. அதற்குப் பிறகு எந்த எண்ணும் தப்புவதில்லை. நான்கு பரிமாணங்களில், ஆரத்தின் வர்க்கம் முழு எண்ணாக அமையும் எந்தக் கோளத்தை வரைந்தாலும், அதன் மேற்பரப்பில் முழு எண் புள்ளி ஒன்றாவது இருந்தே தீரும். 1770-இல் லக்ராஞ்சி நிறுவிய நான்கு வர்க்கத் தேற்றம் சொல்வது இதுதான்.

அந்த மேற்பரப்பு எது என்பதைக் கவனிக்க வேண்டும். நான்கு பரிமாணக் கோளத்தின் மேற்பரப்பு, அதாவது முடிவுள்ள, விளிம்பற்ற முப்பரிமாண வெளி. ஐன்ஸ்டைன் 1917-இல் பிரபஞ்சத்துக்கு உரியதாக எண்ணிப் பார்த்த அதே வடிவம். வானியலாளர் அதன் உள்ளே விண்மீன் கூட்டங்களை வைத்துப் பார்த்தார். எண் கணிதரோ அதன்மேல் முழு எண் புள்ளிகள் விழுகின்றனவா என்று பார்க்கிறார். பிள்ளை தம் ஆய்வை வடிவியலாக எழுதவில்லை, சமன்பாடுகளாகவும் தொகையீடுகளாகவுமே எழுதினார். இந்தப் படம் நாம் புரிந்துகொள்வதற்காக வரைந்துகொள்வது. ஆயினும் அது பொய்யான படமன்று.

இனி ஆறாம் அடுக்குக்கு வருவோம். ஓர் எண்ணை அதனாலேயே பெருக்கி, அப்படி ஆறு காரணிகள் வரும்வரை சென்றால் கிடைப்பது ஆறாம் அடுக்கு: 1, 64, 729, 4096 என்று அவை வெகுவேகமாக விலகிச் செல்கின்றன. இவற்றைக் கூட்டி எல்லா எண்களையும் பெற எத்தனை வேண்டும்? 703 என்ற எண்ணை எடுத்துக்கொள்வோம். அது 729-ஐ விடச் சிறியது. எனவே, 64-உம் 1-உம் மட்டுமே உதவும். பத்து 64-கள் சேர்ந்தால் 640. மீதி 63-க்கு ஒன்றுகளைத்தான் அடுக்க வேண்டும். ஆக மொத்தம் 73. இதைக் காட்டிலும் குறைவாக 703-ஐப் பெற வழியில்லை. ஆகவே, விடை 73-க்குக் குறையாது என்பதைப் பள்ளி மாணவரும் சொல்லிவிடலாம். கூடவும் செய்யாது, முடிவில்லாத எண்கள் அனைத்துக்கும் 73 போதும் என்று சொல்வதற்குத்தான் ஒரு பிள்ளை வேண்டியிருந்தது. படத்தின் மொழியில் சொன்னால், 72 பரிமாணங்களில் 703-க்கு உரிய மூடிய பரப்பு எந்த முழு எண் புள்ளியையும் தொடாமல் நழுவுகிறது. 73 பரிமாணங்களில் எந்த எண்ணுக்கு உரிய பரப்பும் நழுவ முடியாது. அந்தப் பரப்பும் பந்தைப் போல மூடியதே. முடிவுள்ளது, விளிம்பில்லாதது. அதை மனக்கண்ணால் காண யாராலும் முடியாது, பிள்ளையாலும் முடிந்திருக்காது. ஆனால், அதில் ஒரு புள்ளி இருந்தே தீரும் என்று ஐயத்துக்கு இடமின்றி அறிய முடிகிறது. கணிதத்தில் பரிமாணம் என்ற சொல்லின் பயன் இத்தகைய இடங்களில்தான் புலப்படுகிறது.

எந்த அடுக்குக்கும் ஏதோ ஒரு வரம்பு உண்டு என்பதை 1909-இல் டேவிட் ஹில்பர்ட் நிறுவியிருந்தார். ஆனால், அந்த வரம்பு எவ்வளவு என்பதை அவருடைய முறை சொல்லவில்லை. ஹார்டியும் ராமானுஜனும் வேறொரு சிக்கலுக்காக 1918-இல் உருவாக்கிய வட்ட முறையை, ஹார்டியும் லிட்டில்வுட்டும் 1920-களில் இந்த வினாவுக்குப் பயன்படுத்தினார்கள். சோவியத் நாட்டின் வினோகிராதோவ் 1930-களில் அதை இன்னும் கூர்மையாக்கினார். இந்த முறையின் பலம், மிகமிகப் பெரிய எண்கள் அனைத்தையும் ஒரே வீச்சில் முடித்துவிடுவது. அதன் குறை, எங்கிருந்து அந்த வீச்சு தொடங்குகிறது என்று பார்த்தால் அது எட்டாத உயரமாக இருப்பது. கீழே இருக்கும் எண்களைக் கணக்கிட்டுச் சரிபார்க்கலாம். மேலே இருப்பவற்றை வட்ட முறை பார்த்துக்கொள்ளும். இடையில் விரியும் பாலைவனத்தைக் கடப்பதுதான் ஆராய்ச்சியாளரின் பாடு.

இந்தப் பாலைவனத்தைப் பிள்ளை படிப்படியாகக் கடந்தார். 1935, 1936 ஆண்டுகளில் ஏழாம் அடுக்கிலிருந்து மேலே உள்ள அடுக்குகளுக்கு, ஒரு நிபந்தனைக்கு உட்பட்டு, வரம்பைத் தீர்மானிக்கும் சூத்திரத்தை நிறுவினார். சூத்திரம் எளிமையானது. ஆறாம் அடுக்கையே எடுத்துக்காட்டாகக் கொள்வோம். ஆறு இரண்டுகளைப் பெருக்கினால் 64. ஆறு ஒன்றரைகளைப் பெருக்கினால் 11.39, பின்னத்தை விட்டுவிட்டால் 11. இரண்டையும் கூட்டி 2-ஐக் கழித்தால் 73. இதே காலகட்டத்தில் அமெரிக்காவின் சிகாகோ பல்கலைக்கழகத்தில் லெனார்ட் டிக்சனும் இதே முடிவைத் தனியாக எட்டினார். டிக்சன் அன்று உலகறிந்த பெயர்; எண் கணிதத்தின் வரலாற்றை மூன்று பெரும் தொகுதிகளாக எழுதியவர்; இந்த வினாவிலேயே ஆய்வு செய்த மாணவர் கூட்டம் ஒன்றைத் தம்மைச் சுற்றி வைத்திருந்தவர். மறுபக்கம், புதிதாகத் தோன்றிய ஒரு பல்கலைக்கழகத்தின் விரிவுரையாளர். உதவியென்றால், பல ஆண்டுகள் கடிதம் மூலம் உரையாடிய சர்வதாமன் சவுலாவைப் போன்ற சில நண்பர்களும், தபாலில் வரும் அயல்நாட்டு இதழ்களும்தான்.

ஏழிலும் அதற்கு மேலும் இருவரும் சமம் என்று வைத்துக்கொள்ளலாம். ஆறாம் அடுக்கு அப்படியன்று. அங்கே வினோகிராதோவின் கருவிகள் போதவில்லை. பாலைவனம் மிக அகலம். டிக்சனால் கடக்க முடியாத அதைக் கடந்து, 73 என்ற விடையை 1940-இல் பிள்ளை வெளியிட்டார். இந்திய அறிவியல் கழகத்தின் நடவடிக்கைகளில் பத்துப் பக்கங்களை ஒட்டிய கட்டுரை அது. மின்னணுக் கணினி இல்லாத காலத்தில், இடைவெளியை நிரப்பும் கணக்குகள் அனைத்தும் தாளிலும் பென்சிலிலும்தான் நடந்தாக வேண்டும்.

பிள்ளையின் கட்டுரைகளில் மிகப் பல இந்தியக் கணிதக் கழகத்தின் இதழிலும், அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் சொந்த இதழிலும், இவை போன்ற இந்திய வெளியீடுகளிலும் வந்தவை. அவற்றை ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் படித்தவர்கள் சிலரே. அவருடைய முன்னுரிமை பிற்காலத்தில் பல நூல்களில் மங்கிப்போனதற்கு இதுவும் ஒரு காரணம். அயல்நாட்டு இதழ்களுக்கே அனுப்பியிருக்க வேண்டும் என்று இன்று சொல்வது எளிது. ஆனால், ஒரு நாட்டின் ஆய்விதழ் அங்குள்ள சிறந்த மனங்கள் தங்கள் சிறந்த படைப்பைத் தரும்போதுதான் ஆய்விதழாகிறது. கொடுத்தவர் இழந்தார், இதழ் பெற்றது. ஆசிரியர்களின் தகுதியை அயல்நாட்டு மேற்கோள்களின் எண்ணிக்கையைக் கொண்டு மட்டுமே நிறுத்துப் பார்க்கும் இன்றைய பல்கலைக்கழக முறை அன்று இருந்திருந்தால், அண்ணாமலை நகரின் விரிவுரையாளருக்கு என்ன மதிப்பெண் விழுந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

அந்த ஆண்டுகளில் அவர் தொட்ட மற்ற இரண்டு வினாக்களையும் சொல்லாமல் விட இயலாது. அடுத்தடுத்து வரும் எண்களை வரிசையாக எடுத்துக்கொண்டால், அவற்றில் ஒன்றாவது மற்ற எல்லாவற்றோடும் பொதுக் காரணி இல்லாமல் தனித்து நிற்குமா? எடுத்துக்கொள்ளும் எண்கள் 16 வரை இருந்தால் நிற்கும். 17 முதல் 430 வரை என்றால் நிற்காத வரிசைகள் முடிவில்லாமல் உண்டு என்று 1940-இல் பிள்ளை காட்டினார். 430-க்கு மேலும் அவ்வாறே என்பதை அடுத்த ஆண்டு ஆல்பிரட் பிரௌவர் நிறுவினார். மற்றொன்று இன்னும் ஆழமானது. 1, 4, 8, 9, 16, 25, 27, 32, 36 என்று அடுக்கு எண்களையெல்லாம் கலந்து வரிசைப்படுத்தினால், அடுத்தடுத்த எண்களுக்கு இடையே உள்ள இடைவெளி தொடக்கத்தில் ஏறியும் இறங்கியும் ஆட்டம் காட்டுகிறது. போகப்போக அது எந்த அளவையும் தாண்டி விரியும். எந்த ஒரு குறிப்பிட்ட இடைவெளியும் முடிவுள்ள முறைகளே தோன்றும் என்று பிள்ளை கருதினார். பிள்ளையின் அனுமானம் என்று உலகம் முழுவதும் அழைக்கப்படுவது இதுதான். 8, 9 இரண்டுக்கும் இடையே உள்ளதைப் போன்ற ஒன்று என்ற இடைவெளி வேறெங்கும் வராது என்பதை 2002-இல் ருமேனியக் கணிதர் மிஹாய்லெஸ்கு நிறுவினார். 25, 27 போன்று இரண்டு என்ற இடைவெளி எத்தனை முறை வரும் என்ற வினாவுக்கு இன்றும் நிறுவல் இல்லை.

1941-இல் பிள்ளை அண்ணாமலை நகரை விட்டுத் திருவிதாங்கூர் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அடுத்த ஆண்டு எஃப்.டபிள்யூ. லெவியின் அழைப்பை ஏற்றுக் கல்கத்தா பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். லெவி, நாஜி ஜெர்மனியிலிருந்து வெளியேறி இந்தியாவில் தஞ்சம் புகுந்த யூதக் கணிதர். 1943-இன் பெரும் பஞ்சத்தையும் 1946-இன் கலவரத்தையும் கண்ட கல்கத்தாவில், பிள்ளையின் எஞ்சிய ஆண்டுகள் கழிந்தன.

அவர் அதுவரை பாரதம் தாண்டிச் சென்று பணியாற்றியதில்லை. 1950-இல் பிரின்ஸ்டன் உயர்நிலை ஆய்வுக் கழகம் ஓராண்டு வந்து தங்கி ஆய்வு செய்ய அழைத்தது. எண் கணிதத்தின் பெரும் பெயர்களான சீகலும் செல்பெர்க்கும் அங்கே இருந்தார்கள். முடிவுள்ள, விளிம்பற்ற பிரபஞ்சத்தை எண்ணிப் பார்த்த ஐன்ஸ்டைனும் அங்கேதான் இருந்தார். போருக்குப் பின் முதன்முறையாகக் கூடிய உலகக் கணித மாநாடு அதே ஆண்டு ஆகஸ்ட் 30 அன்று ஹார்வர்டில் தொடங்கியது. மாநாட்டில் கலந்துகொண்டு அப்படியே பிரின்ஸ்டன் செல்வது பிள்ளையின் திட்டம். பம்பாயிலிருந்து நியூயார்க் செல்லும் விமானத்தில் ஏறினார். ஆகஸ்ட் 31 அதிகாலை கெய்ரோவிலிருந்து மேலெழும்பிய சிறிது நேரத்தில் விமானத்தின் எஞ்சின் ஒன்றில் தீப்பற்றியது. நைல் கழிமுகப் பகுதியின் பாலைநில விளிம்பில் அது விழுந்து நொறுங்கியது. விமானத்தில் இருந்த 55 பேரும் மாண்டனர். பிள்ளைக்கு அப்போது வயது 49. ஹார்வர்டில் மாநாடு நடந்துகொண்டிருந்தது.

எண் கணிதம் இளைஞர்களின் கலை என்பார்கள். 49 வயதில் அவர் தம் சிறந்த பணியை முடித்துவிட்டார் என்று கருதுவோர் உண்டு. எனக்கு அதில் உடன்பாடில்லை. உலகத்தோடு நேருக்கு நேர் அமர்ந்து உரையாடும் வாய்ப்பே இல்லாமல், கடிதங்களையும் இதழ்களையும் மட்டும் நம்பி இவ்வளவு செய்த ஒருவர், சீகலின் பக்கத்து அறையில் ஓராண்டு உட்கார்ந்திருந்தால் என்ன செய்திருப்பார் என்பதை மதிப்பிட நம்மிடம் அளவுகோல் இல்லை. அவருடைய கட்டுரைகள் முழுவதும் ஒன்றுதிரட்டப்பட்டு, ஆர். பாலசுப்ரமணியன், ஆர். தங்கதுரை ஆகியோரைப் பதிப்பாசிரியர்களாகக் கொண்டு இரண்டு தொகுதிகளாக வெளிவர, அவர் மறைந்து அரை நூற்றாண்டுக்கு மேல் ஆனது.

பிள்ளை விட்டுச்சென்ற இரண்டு அடுக்குகளும் பின்னர் ஒவ்வொன்றாக வசப்பட்டன. ஐந்தாம் அடுக்குக்கு 37 போதும் என்று 1964-இல் சீனாவின் சென் ஜிங்ருன் நிறுவினார். கடைசியாக எஞ்சிய நான்காம் அடுக்குக்கு வேரிங் சொன்ன 19-ஏ சரி என்பதை, 1986-இல் பாலசுப்ரமணியனும் பிரெஞ்சுக் கணிதர்கள் தெசுயியே, திரெஸ் இருவரும் சேர்ந்து நிறுவினார்கள். சென்னையில் பணியாற்றிய பாலசுப்ரமணியன்தான் பிள்ளையின் தொகுதிகளைப் பதிப்பித்தவர்களில் ஒருவர்.

சூத்திரத்தில் பிள்ளை வைத்த நிபந்தனை மட்டும் இன்னும் இருக்கிறது. ஒன்றரையைத் தொடர்ந்து பெருக்கிக்கொண்டே போகும்போது, கிடைக்கும் எண்ணின் பின்னப் பகுதி ஒன்றை அளவுக்கு மீறி நெருங்கிவிடக் கூடாது என்பது அந்த நிபந்தனையின் சாரம். அதை மீறும் அடுக்குகள் இருந்தாலும் அவற்றின் எண்ணிக்கை முடிவுள்ளதே என்று 1957-இல் குர்த் மாலர் நிறுவினார். 47 கோடியே 16 லட்சமாவது அடுக்கு வரை அப்படி ஒன்றுகூட இல்லை என்று 1990-இல் கணினியைக் கொண்டு சரிபார்த்தார்கள். ஒன்றுமே இல்லை என்று இதுவரை எவரும் நிறுவவில்லை.